பேசாமலிருக்கும் உரிமை

எங்கள் வீட்டுக் கொல்லையில் குடியிருப்பவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டது அமெரிக்க போலீஸ் தொடர்களைப் பார்த்து. அதனால் அவருடைய ஆங்கிலம் எப்போதும் யாரையோ துரத்திக்கொண்டே இருக்கும். குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்தாயிற்றா என்று கேட்டால் "காப்பி தட்" என்பார், அதாவது புரிந்தது. மழை வருமா என்றால் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "நெகட்டிவ்" என்பார். பெரும்பாலும் அன்றைக்குத்தான் மழை கொட்டும்.

சிட்னிக்கு மேற்கே இந்த பிளாக்டவுனில் கொஞ்சம் நீளமான கொல்லை வாய்த்தவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பின்னால் ஒரு அறையும் சமையல் மேடையும் குளியலறையுமாகக் கட்டி வாடகைக்கு விட்டோம். வந்தவர் கிளிநொச்சிக்காரர். கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டுப் படகேறி வந்தவர். அந்தக் குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். மகளை அவர் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான். அவர் என்னை அக்கா என்பார். நான் அவரைத் தம்பி என்பேன். எங்களுக்குள் இருக்கும் கொஞ்ச வயது வித்தியாசத்துக்கு இது அதிகம்தான், ஆனாலும் நான் மறுத்ததில்லை.

நானும் அமெரிக்கத் தொடர்களை விழுங்கி வளர்ந்தவள்தான். திருச்சியில் கேபிள் வந்த நாளிலிருந்து பார்த்த கோளாறு. எனக்கு ஒரு கூடுதல் பைத்தியம், எதைப் பார்த்தாலும் இது எங்கேயிருந்து வந்தது என்று தோண்டுவது. அங்கே நகைச்சுவைத் தொடர்களில் கேட்கிற சிரிப்பு இருக்கிறதே, அதை ஒரு ஒலிப்பதிவுக்காரர் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்திருந்தார். எந்த விசையை அழுத்தினால் எந்தச் சிரிப்பு வரும் என்று அவருக்குத்தான் தெரியும். அதே சிரிப்புகளை ஆண்டாண்டாக ஓட்டியதால், செத்துப்போனவர்கள் புது ஜோக்குகளுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதியின் மரச் சுத்தியல் இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் எந்த நீதிபதியும் சுத்தியல் தட்டுவதில்லை. ஆனால் சிட்னியில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் நீதிபதியை வரையச் சொல்லுங்கள், முதலில் சுத்தியலைத்தான் வரையும். இந்த நாட்டு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்குமே பெயர் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இப்படி நான் ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து போய்விடுவார். "தோசைக்கு மாவு இல்ல, அமெரிக்காவுக்கு மட்டும் வரலாறு இருக்கு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

கொல்லைக்காரர் மட்டும் உட்கார்ந்து கேட்பார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

போன வருடம் அவருடைய வழக்கு மறுபடி உயிர்பெற்றது. அகதி என்று ஏற்க முடியாது என முன்பு சொல்லிவிட்டிருந்தார்கள். அந்த முடிவில் தவறு இருக்கிறது, திரும்ப விசாரியுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே தீர்ப்பாயத்தில் புது விசாரணை. இதில் ஜெயித்தால் இங்கேயே இருக்கலாம், காலப்போக்கில் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். தோற்றால் திரும்பிப் போவதைத் தவிர மிச்சமாகப் பெரிதாக எதுவும் இல்லை. அவருடைய வக்கீல், காசு வாங்காமல் வாதாடுகிற ஒரு பெண், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: எல்லாம் அண்ணனைப் பற்றிய கேள்வியில்தான் நிற்கிறது. அதற்கு அவர் முழுசாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் கதை இதுதான். கொல்லைக்காரருக்கு ஒரே ஒரு அண்ணன். இயக்கத்தில் இருந்தவர். போரின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் சரணடையப் போனவர், அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் எவரும் இல்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டுத்தான் தம்பியைத் திரும்பத் திரும்பக் கூட்டிப்போனார்கள், அடித்தார்கள். படகேறியதற்குக் காரணமே அதுதான். ஆனால் படகில் கூட வந்தவர்கள் ஒரு புத்திமதி சொன்னார்கள். இயக்கத்தோடு சொந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் ஆஸ்திரேலியாக்காரன் பயந்து உள்ளேயே போட்டு வைப்பான், வாயைத் திறக்காதே. ஆஸ்திரேலியத் தடுப்பு முகாமில் நடந்த முதல் விசாரணையில், உடன்பிறந்தவர்கள் யார் என்று கேட்டபோது இவர், யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் உண்மையைச் சொன்னபோது, அன்றைக்கு இல்லாத அண்ணன் இன்றைக்கு எங்கிருந்து முளைத்தான் என்று கேட்டு, மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நம்பாமல் விட்டார்கள்.

இப்போது வக்கீல் சொல்லு என்கிறார். இவரோ சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

"நான் கதைச்சதை எல்லாம் எனக்கெதிராத்தான் அக்கா பாவிச்சவை. படத்தில சும்மாவே சொல்லுறாங்கள்? யூ ஹாவ் த ரைட் டு ரிமைன் சைலன்ட்."

பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிற அந்த வரியை மட்டும் அவர் சுத்தமான அமெரிக்க உச்சரிப்பில் சொல்வார்.

எனக்குப் பகீரென்றது. இது போலீஸ் வழக்கு இல்லை, கைது இல்லை, உங்களைப் பற்றி உங்களைத் தவிர அங்கே சொல்ல யாரும் கிடையாது என்று நானும் வக்கீலும் மாறி மாறிச் சொன்னோம். தலையாட்டினார். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை வைத்தேன். நான்தான் விசாரிப்பவர். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, "உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?" என்று கேட்பேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நோ கமென்ட்" என்பார்.

"தம்பி, இது விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடேல்ல அக்கா."

எனக்குப் பொதுவாகவே பொறுமை கம்மி. மூன்றாவது ஞாயிறு மேசையிலிருந்து எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவருக்கு அது தெரியும், அதனால் அவர் என் கோபத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. அவர் பாட்டுக்கு அமைதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு காலத்தில் விசாவுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவள்தான். ஆனால் நான் விமானத்தில், வேலையோடு வந்தவள். என்னிடம் கேட்டதெல்லாம் ஆங்கில மதிப்பெண்ணும் அனுபவச் சான்றிதழும். அண்ணன் இருந்தானா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் என் வழியில் முயன்று பார்த்தேன். அந்த வரியின் வரலாற்றை எடுத்துவிட்டேன்.

அமெரிக்காவில் ஒரு ஆள். அவன் மேல் இருந்தது ஒரு பெண்ணைக் கடத்திக் கெடுத்த வழக்கு. போலீஸ் அவனைத் தனியறையில் உட்கார வைத்துக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டான். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், பேசாமலும் இருக்கலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று ஆனது. அதற்கப்புறம்தான் அந்த எச்சரிக்கை. நீதிமன்றம் கருத்தைத்தான் சொன்னது. நாம் திரையில் கேட்கிற அந்த வாசகங்களைக் கோத்ததில் கலிஃபோர்னியாவின் ஒரு சின்ன ஊர்ப்பக்கத்து அரசு வழக்கறிஞருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு அச்சுக்கோப்பதில் தீராத ஆசை. வாசகத்தைச் சட்டைப் பையில் வைக்கிற மாதிரிச் சின்ன அட்டைகளாக அடித்துப் போலீஸ்காரர்களுக்கு விற்றார். பிறகு தொலைக்காட்சித் தொடர்கள் பிடித்துக்கொண்டன. உலகத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் நாட்டுச் சட்டம் தெரியாவிட்டாலும் அந்த அட்டை மனப்பாடம்.

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு தெரியுமா? திரும்ப வழக்கு நடந்தது. வாக்குமூலம் இல்லாமலே தண்டனை குடுத்தாங்க. அவனுக்கு அந்த உரிமையால ஒண்ணும் கிடைக்கல தம்பி!"

அவர் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கதை சொல்கிறவளுக்கு நல்ல இடத்தில் நிறுத்த எங்கே மனது வருகிறது! மிச்சத்தையும் சொன்னேன். ஜெயிலிலிருந்து வெளியே வந்த அந்த ஆள், அதே எச்சரிக்கை அட்டைகளில் தன் கையெழுத்தைப் போட்டுத் தெருவில் விற்றுப் பிழைத்தான். கடைசியில் ஒரு மதுக்கடைச் சண்டையில் கத்திக் குத்துப் பட்டுச் செத்தான். சந்தேகப்பட்டு ஒருவனைப் பிடித்த போலீஸ், அவனுக்கும் அதே எச்சரிக்கையைப் படித்துக் காட்டியது. அவன் வாயே திறக்கவில்லை. விட்டுவிட்டார்கள். கொலைக்கு இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

சொல்லி முடித்து, நீதி தானாக விளங்கிவிடும் என்று பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தீங்களா அக்கா," என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "கதைச்சவன் செத்துப்போனான். கதைக்காதவன் தப்பிட்டான்."

உள்ளறையில் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். எனக்கு அழுகை வந்தது.

விசாரணை நாளன்று நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரில் கூட்டிப்போனேன். துணைக்கு ஒருவர் அறைக்குள் இருக்க அனுமதி கேட்டிருந்தோம், கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, நான் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "உனக்குத்தான்டி உண்மையான சோதனை" என்றார். நான் சிரிக்கவில்லை. கொல்லைக்காரரோ நன்றாகத் தேய்த்த சட்டை போட்டு, திருநீற்றை மெல்லியதாகப் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். பாதி வழியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் தாண்டியதும், "அங்க சுத்தியல் இராது எண்டனீங்கள், என்ன?" என்று கேட்டார். இராது என்றேன்.

இருக்கவில்லை. சாதாரண அலுவலக அறை. நீள மேசை, தண்ணீர்க் குடுவை, ஒலிப்பதிவு இயந்திரம். விசாரித்தவர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் வயதான இலங்கைக்காரர். இவர் "நான்" என்று சொல்வதை அவர் "ஐ" என்றே சொன்னார். மொழிபெயர்ப்பில் அதுதான் முறை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க விசித்திரமாக இருந்தது, இருவருக்கும் ஒரே வாழ்க்கை போல.

பிறந்த ஊர், பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்த ஊர்கள் எல்லாம் தடையில்லாமல் போயின. நான் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்மணி தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, உங்களுக்கு ஒரு சகோதரர் உண்டா என்று கேட்டார்.

கொல்லைக்காரர் மேசையைப் பார்த்தார். பேசவில்லை.

கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். ஒலிப்பதிவு இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று எனக்குள் கத்தினேன். உதட்டைக் கடித்ததில் உப்புக் கரித்தது. யாருக்காகவும் நான் அப்படிப் பயந்ததில்லை, என் விசாவுக்குக்கூட.

அந்தப் பெண்மணிக்குக் கோபம் வரவில்லை. மெதுவாக, மொழிபெயர்க்க இடைவெளி விட்டுப் பேசினார். நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இன்று நீங்கள் பேசாவிட்டால், இந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது முதல் விசாரணையில் நீங்கள் சொன்ன பதில் மட்டும்தான். உங்களுக்குச் சகோதரர் யாரும் இல்லை என்ற பதில்.

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடித்தார்.

கொல்லைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இதுவரை அவருக்கு மௌனம் என்றால் வெற்று இடம். எதையும் கொடுக்காமல் இருப்பது. அந்த அறையில்தான், தான் வாயை மூடிக்கொண்டால் பழைய பொய் தனக்காகப் பேசும் என்பது அவருக்கு விளங்கியது. எனக்கும் அப்போதுதான் அவ்வளவு தெளிவாக விளங்கியது. நான் அத்தனை ஞாயிறுகள் கத்தியும் இந்த ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இருந்தவர்," என்றார். "எனக்கு ஒரு அண்ணை இருந்தவர்."

"ஐ ஹாட் அ பிரதர்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. அண்ணன் இடது கையால் எழுதுவார், அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினார். தம்பிக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இயக்கத்துக்குப் போன நாளில் தன் செருப்பைத் தம்பிக்கு விட்டுவிட்டு வெறுங்காலோடு போனார். சரணடையப் போகும்போது, நீ அம்மாவோடு நில், நான் போட்டு வாறன் என்று சொன்னார். யார் யார் வந்து தன்னைக் கூட்டிப்போனார்கள், எந்த இடத்தில் வைத்து என்ன கேட்டார்கள் என்பதையும் கொல்லைக்காரர் சொன்னார். அதை எழுத எனக்கு மனமில்லை. வயதான மொழிபெயர்ப்பாளர் ஒரு இடத்தில் தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள்.

முதல் விசாரணையில் ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்வியும் வந்தது.

"என்னை உள்ள போட்டிடுவினம் எண்டு பயம். என்ர பிள்ளையைப் பாக்க ஏலாமப் போயிடும் எண்டு பயம். அதால இல்லை எண்டிட்டன்." அந்தப் பெண்மணியை நேராகப் பார்த்தார். "அங்க ராணுவம் என்ர அண்ணையை இல்லாமலாக்கினது. இங்க வந்து நானும் அதைத்தான் செய்தனான்."

மொழிபெயர்ப்பாளர் அதை "ஐ" என்றே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

வெளியே வந்தபோது வக்கீல், நன்றாகப் பேசினீர்கள், ஆனால் நம்புவார்களா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். முன்னால் பொய் சொன்னவர் என்பது அப்படியே இருக்கிறது, அது எந்தப் பக்கமும் திரும்பலாம். நேர்மையான பெண். கொஞ்சம் குறைவாக நேர்மையாக இருந்திருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

திரும்பி வரும் வழியில் எம்ஃபோர் நெடுஞ்சாலையில் நெரிசல். கார்கள் ஊர்ந்தன. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரமட்டா நெருங்கும்போது அண்ணனின் பெயரைச் சொன்னார். ஆறேழு வருடங்களில் அந்தப் பெயரை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அதை இங்கே எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

"அக்கா, என்னைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. எனக்கு ஒரு அண்ணை இருந்தவர் எண்டதை நம்புறம் எண்டு அவை எழுதினாப் போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எனக்குப் போதாது," என்றேன். "உங்க பொண்ணுக்கும் போதாது. அண்ணன் இருந்தார்னும் எழுதட்டும், நீங்க இங்க இருக்கணும்னும் எழுதட்டும். பாதியோட வீட்டுக்கு வராதீங்க."

பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். முன்னால் இடம் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கொல்லையில் அவருடைய போன் அடித்தால் என் கை வேலை நின்றுவிடுகிறது. வக்கீலா, ஊரா என்று காது தானாக நீள்கிறது. வீட்டுக்காரர்கூட இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை, அவரும் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார்.

போன சனிக்கிழமை காலை நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் படியில் உட்கார்ந்து மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாகப் படிப்பு, சாப்பாடு, காய்ச்சல் என்று சின்னச் சின்னதாகப் போகும் பேச்சு. அன்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்கு ஒரு பெரியப்பா இருந்தவர்" என்று ஆரம்பித்தார். நான் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். நீச்சலைச் சொன்னார், இடது கையைச் சொன்னார், செருப்பைச் சொன்னார். பிறகு அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

அவர் போனைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துக்கொண்டார்.

"பயத்தில, பிள்ளை," என்றார்.